குருவய்யா இருக்கும் திசை

மந்திப்பாறையில் துப்பாக்கி வாங்குகிறவர்கள் கண்ணை மூடிக்கொண்டுதான் வாங்குவார்கள். பேருந்து நிலையத்துக்கு எதிரே, முடிதிருத்தும் கடைக்கும் உரக்கடைக்கும் நடுவில் துப்பாக்கிக் கடை வைத்திருந்த இஸ்ரவேல் அண்ணாச்சி ஏற்படுத்திய வழக்கம் அது. மலையிலிருந்து ஏலக்காய் மூட்டைகளோடு தனியாக ஜீப் ஓட்டி இறங்கும் எஸ்டேட்காரர் யாராவது உரிமத்தோடு வந்து நின்றால், அண்ணாச்சி விலையும் சொல்ல மாட்டார், எந்த ஊர்ச் சரக்கு என்றும் சொல்ல மாட்டார். கண்ணாடி மேசையின் மேல் பச்சைத் துணியை விரித்து, இருக்கிற கைத்துப்பாக்கிகளை வரிசையாக வைத்து, ஒவ்வொன்றையும் திறந்து உள்ளே தோட்டா இல்லை என்று காட்டிவிட்டு, எதிர்ச் சுவரில் தொங்கும் நாள்காட்டியைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி, பிறகு கண்ணை மூடச் சொல்வார். மூடிய கண்ணோடு ஒவ்வொன்றாக எடுத்து நாள்காட்டியை நோக்கி நீட்ட வேண்டும், நீட்டிய பிறகு கண்ணைத் திறந்து பார்க்க வேண்டும், எது கையைத் திருத்தாமலே தேதிக்கு நேராக நிற்கிறதோ அதுதான் அந்தக் கைக்கு உரியது, மற்றதெல்லாம் இரும்பு.

எல்லாமே முப்பத்திரண்டுதான். தோட்டாவின் பருமனைக் குறிக்கும் அந்த எண்ணைத் தவிர வேறு எண்ணில் மந்திப்பாறை ஆட்கள் உரிமம் கேட்டதும் இல்லை, கிடைத்ததும் இல்லை. ஒருவருடைய இடுப்பில் முப்பத்திரண்டு இருக்கிறது என்று சொன்னால் அவருக்கு மலைமேல் தோட்டம் இருக்கிறது என்று ஊர் புரிந்துகொள்ளும்.

அந்த வருஷம் மழை முடிந்த கையோடு, வாரிசில்லாமல் இறந்துபோன ஒரு தோட்டத்து முதலாளியின் பங்களாவிலிருந்து பழைய ரிவால்வர் ஒன்று அண்ணாச்சியின் கடைக்கு வந்து சேர்ந்தது. குழல் கறுத்து, உடலில் பொறித்திருந்த எழுத்தெல்லாம் தேய்ந்து, மரக் கைப்பிடியின் ஓரத்தில் ஒரு சில்லு பெயர்ந்து, பார்ப்பதற்கு எந்த விசேஷமும் இல்லாமல் இருந்தது. முதலில் அதை எடுத்துப் பார்த்தவர் கண்ணை மூடி நாள்காட்டியை நோக்கித்தான் நீட்டினார். திறந்தபோது அவருடைய கை வாசல் பக்கம் திரும்பி, தெருவுக்கு எதிர்ப்புறம் தேநீர் குடித்துக்கொண்டிருந்த சாமியானா குருவய்யாவின் நெஞ்சுக்கு நேராக நின்றது. இரண்டாவதாக எடுத்துப் பார்த்தவருக்குக் கை இடது பக்கம் போனது. அந்தப் பக்கம் பிள்ளையார் கோயில் முன்னால் ஏணிமேல் நின்று பந்தல் கட்டிக்கொண்டிருந்தவரும் குருவய்யாதான். சந்தேகம் வந்து அண்ணாச்சியே கண்ணை மூடி நீட்டிப் பார்த்தார். கை வெறும் சுவரைக் காட்டியது. மனது சமாதானமாகி, அடுத்த கடைக்குள் எட்டிப் பார்த்தார். அந்தச் சுவருக்குப் பின்னால் முகமெல்லாம் சோப்பு நுரையோடு நாற்காலியில் சாய்ந்திருந்தார் குருவய்யா.

அதற்குப் பிறகு துப்பாக்கிக்குக் கை தேவைப்படவில்லை. பச்சைத் துணியின் மேல் வைத்தால், அரிசியில் வண்டு நகர்வதுபோல மெதுவாகத் திரும்பி, குருவய்யா ஊரில் எங்கே இருக்கிறாரோ அந்தத் திசைக்குக் குழலை வைத்துக்கொண்டு நின்றது. அவர் நடந்தால் அதுவும் கூடவே திரும்பியது, அவர் உட்கார்ந்தால் நின்றது, அவர் வெளியூர்க் கல்யாணத்துக்குப் பந்தல் போடப் போனால் அந்த ஊர்ப் பக்கம் பார்த்தபடி காத்திருந்தது.

குருவய்யா கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் சாவுக்கும் சாமியானாவும் நாற்காலியும் பாத்திரமும் வாடகைக்கு விடுகிறவர், ஐம்பதைத் தாண்டியவர், யாரிடமும் குரல் உயர்த்தாதவர். அந்தத் துப்பாக்கி ஏன் திரும்புகிறது என்று மந்திப்பாறையில் ஒருவரும் கேட்கவில்லை. குருவய்யா என்ன செய்தார் என்றுதான் கேட்டார்கள். இத்தனை வருஷமாக ஒரு எதிரிகூட இல்லாமல் ஒரு மனுஷன் எப்படி இருக்க முடியும் என்று உரக்கடையில் ஒருவர் கேட்டபோது, அதுவரை யாருக்கும் தோன்றாத அந்தக் கேள்வி எல்லோருக்கும் வெகுநாளாகவே தோன்றிக்கொண்டிருந்ததுபோல ஆகிவிட்டது. அவர் சாவு வீட்டில் சிரித்த முகத்தோடு வந்து நின்றது நினைவுக்கு வந்தது. ஒரு கல்யாணத்தில் சாப்பிடாமலே போனது நினைவுக்கு வந்தது. எல்லா வீட்டுக் கொல்லைப்புறமும் அவருக்குத் தெரியும் என்பதும், எந்த வீட்டுச் சண்டைக்கும் அடுப்பங்கரை ஓரமாக அவர் இருந்திருக்கிறார் என்பதும் நினைவுக்கு வந்தன.

பிறகு ஊர் அதற்குப் பழகிக்கொண்டது. பாத்திரம் போதாமல் சமையலைப் பாதியில் நிறுத்திவிட்டுச் சாமியானாக்காரரைத் தேடும் சமையல் மாஸ்டர்கள் அண்ணாச்சி கடைக்கு வந்து துப்பாக்கியை ஒரு பார்வை பார்த்துவிட்டு அந்தத் திசையில் போனார்கள். கடைக்கும் குருவய்யாவின் வீட்டுக்கும் இடையில் நேர்கோட்டில் விழுந்த வீட்டுக்காரர்கள் கட்டில்களை இடம் மாற்றிப் போட்டார்கள். தையல்காரர் இயந்திரத்தைச் சன்னல் பக்கத்திலிருந்து உள்ளே தள்ளினார். ஆட்டோ நிறுத்தம் தானாக இருபது அடி நகர்ந்துகொண்டது. கிழக்கே சூலம், மேற்கே சூலம் என்று பார்த்துப் பயணம் கிளம்புகிறவர்கள் துப்பாக்கிச் சூலமும் பார்த்தார்கள். முகூர்த்த நேரத்தில் அந்தக் கோடு மணவறையைக் கடக்கக் கூடாது என்று ஐயர் ஒருவர் சொல்லிவிட, குருவய்யாவை முதல் நாளே வந்து பந்தலைப் போட்டுவிட்டு, மறுநாள் தாலி கட்டும்வரை ஊருக்கு அந்தப் பக்கம் வாய்க்கால் பாலத்தில் போய் உட்கார்ந்திருக்கச் சொன்னார்கள். அவர் உட்கார்ந்திருந்தார். கொஞ்ச நாளில் முதல் நாளும் வரவேண்டாம் என்று சொல்லிவிட்டு, தேவாரம் ஊர்க்காரர் ஒருவரிடம் பந்தல் பேசினார்கள்.

காவல் ஆய்வாளர் ஒருமுறை கடைக்கு வந்து, குருவய்யாவை நான்கு மூலையிலும் மாற்றி மாற்றி நிற்கவைத்துப் பார்த்தார். நான்கு தடவையும் துப்பாக்கி தவறவில்லை. துப்பாக்கி உரிமமுள்ள கடையில் இருக்கிறது, உள்ளே தோட்டா இல்லை, எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்று எந்தச் சட்டத்திலும் இல்லை, ஆகவே வழக்கு இல்லை என்று சொல்லிவிட்டு வெளியே வந்தவர், குருவய்யாவின் தோளில் கைபோட்டு ஓரமாகக் கூட்டிப்போனார்.

"எழுதிக்கல. நமக்குள்ள சொல்லுங்க. என்னதான் செஞ்சீங்க?"

குருவய்யா வெகுநேரம் யோசித்தார். யோசித்ததையே ஆய்வாளர் பதிலாக எடுத்துக்கொண்டார்.

குருவய்யாவுக்குத் துப்பாக்கியைப் பற்றிப் பயமில்லை. தோட்டா இல்லாத இரும்பு ஒருவரைப் பார்ப்பதால் ஒன்றும் ஆகிவிடாது என்று அவருக்குத் தெரியும். அதை யார் வாங்கப்போகிறார்கள் என்பதுதான் அவர் பயம். குறி பார்க்கவே வேண்டாம், கண்ணை மூடிக்கொண்டு விசையை அழுத்தினால் போதும் என்கிற ஒரு துப்பாக்கி கடைவீதியில் விற்பனைக்கு இருக்கிறது. பளபளப்பான புதுச் சரக்கெல்லாம் இருக்க, திடீரென்று உரிமம் வைத்திருந்தவர்கள் ஒவ்வொருவராக வந்து அந்தப் பழையதைக் காட்டச் சொன்னார்கள். ஒருவர் பழைய பொருள்கள் மேல் ஆசை என்றார். ஒருவர் கைக்கு அடக்கமாக இருக்கிறது என்றார். ஒருவர் சும்மா பார்க்கத்தான் என்றார், மறுநாளும் சும்மா பார்க்க வந்தார். பொய் சொல்லத் தெரியாத அண்ணாச்சி, யார் யார் வந்தார்கள் என்று சாயங்காலம் குருவய்யாவிடம் சொல்லிவிடுவார், குருவய்யா அந்தப் பெயர்களை வீட்டுக்குக் கொண்டுபோய் விடியும்வரை புரட்டிக்கொண்டிருப்பார். அவர் மனைவி பஞ்சவர்ணம் தன் பாயைக் கோட்டுக்கு வெளியே, சுவரோரமாக மாற்றிக்கொண்டாள். அங்கேதான் ஃபேன் காற்று வருகிறது என்றாள். ஃபேன் அந்தப் பக்கம் இல்லை என்பதை அவர் சொல்லவில்லை.

அப்படி இருக்கையில் பஞ்சவர்ணத்தின் அண்ணன் மகுடபதி மலையிலிருந்து இறங்கி வந்தார். அவரிடம் ஏற்கெனவே உரிமமும் ஒரு முப்பத்திரண்டும் இருந்தன. பஞ்சவர்ணத்தின் பங்கு ஏலத்தோட்டம் இன்னும் பிரிக்கப்படாமல் அவர் பெயரிலேயே இருந்தது. அதைப் பற்றி மூன்று பேரும் பேசுவதில்லை என்று வைத்துக்கொண்டிருந்தார்கள். அவர் தன் துப்பாக்கியை அண்ணாச்சியிடம் மாற்றுக்குக் கொடுத்துவிட்டு, அந்தப் பழையதைத் தனக்கு எடுத்துவைக்கச் சொல்லிவிட்டு, நேராகத் தங்கை வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார்.

"மாப்ளே, அது அடுத்தவன் கைக்குப் போறதுக்கு நம்ம குடும்பத்துக்குள்ளயே இருக்கட்டும். உங்களுக்காகத்தான் வாங்குறேன்."

குருவய்யா நல்லது மச்சான் என்றார். பஞ்சவர்ணம் காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டு, யார் முகத்தையும் பார்க்காமல் உள்ளே போனாள்.

மறுநாள் காலையில் குருவய்யா அண்ணாச்சியிடம் போய், தானே உரிமத்துக்கு மனுப் போடப்போவதாகவும், அதுவரை அந்தத் துப்பாக்கியை யாருக்கும் கொடுக்க வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டார். மகுடபதி சம்மதித்தால் தனக்கு ஆட்சேபணை இல்லை என்றார் அண்ணாச்சி. மகுடபதி உடனே சம்மதித்தார்; மாப்பிள்ளைக்குக் கிடைத்தால் மாப்பிள்ளை எடுத்துக்கொள்ளட்டும், கிடைக்காவிட்டால் தனக்கு என்றார். அவ்வளவு சீக்கிரம் சம்மதித்தது குருவய்யாவுக்குப் பிடிக்கவில்லை. மறுத்திருந்தாலும் பிடித்திருக்காது.

உரிமம் கேட்கிறவர் தன் உயிருக்கு யாரால் ஆபத்து என்று சொல்ல வேண்டும். மந்திப்பாறைக்காரர்கள் வழக்கமாகக் கொள்ளைக்காரர்கள் என்று எழுதிவிடுவார்கள், மலைப்பாதையில் ஒரு கொள்ளைக்காரனையும் யாரும் பார்த்ததில்லை என்றாலும். விசாரணை அதிகாரி குருவய்யாவிடம் அதையே கேட்டார்.

"ஆபத்து யாரால?"

"அந்தத் துப்பாக்கியால சார்."

"அப்ப அதையே எதுக்கய்யா கேக்குறீங்க?"

"என்கிட்ட இருந்துச்சுன்னா வேற ஆளுக்கிட்ட இருக்காதுல்ல."

அதிகாரியால் அதில் தப்புக் கண்டுபிடிக்க முடியவில்லை. கண்டுபிடிக்க முடியாததாலேயே அவருக்குச் சந்தேகம் வந்து, காகிதத்தைத் திரும்பவும் காவல் நிலையத்துக்கு அனுப்பினார், கிராம நிர்வாக அலுவலரிடம் அனுப்பினார், அவர்கள் இருவரும் மனுதாரரின் நடத்தைக்கு எதிராகத் தங்களுக்கு ஒன்றும் தெரியவில்லை என்றும் அதுவே சற்று யோசிக்கத்தக்கது என்றும் பதில் எழுதினார்கள். அந்த மாதங்கள் முழுக்கக் குருவய்யா கடைவீதியில் நடக்கும்போது எல்லோர் கைகளையும் பார்த்து நடந்தார். எல்லோரும் அவரைப் பார்ப்பதற்கு முன்னால் அண்ணாச்சி கடை எந்தப் பக்கம் என்று பார்த்துக்கொண்டார்கள். மழை திரும்ப ஆரம்பிக்கும் சமயத்தில் உரிமம் வந்தது.

எடுக்கிற அன்று கடையில் நிற்க இடமில்லை. நின்றவர்களும் குருவய்யாவுக்குப் பின்னால் நிற்கவில்லை, முன்னால் நிற்கவில்லை, இரண்டு பக்கமும் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு நடுவில் பாதை விட்டிருந்தார்கள். மகுடபதி உரக்கடைப் பக்கத்துச் சுவரில் சாய்ந்து நின்றார். அண்ணாச்சி பச்சைத் துணியில் ஐந்தை வைத்தார். நான்கு வைத்தபடி கிடந்தன, ஐந்தாவது திரும்பிக் குருவய்யாவைப் பார்த்தது. அண்ணாச்சி வழக்கம்போல ஒவ்வொன்றையும் திறந்து காட்டினார், நாள்காட்டியைக் காட்டினார், கண்ணை மூடச் சொன்னார்.

குருவய்யா கடைசியாகத்தான் அதை எடுத்தார். கை தானாக மடங்கும், குழல் அவருடைய நெஞ்சுக்கே திரும்பும் என்று ஊர் பேசி முடிவு செய்து வைத்திருந்தது. அப்படி ஒன்றும் நடக்கவில்லை. அவர் கையில் அது எல்லாத் துப்பாக்கியையும் போல இருந்தது, எல்லாவற்றையும்விட நன்றாகவே இருந்தது. சில்லு பெயர்ந்த இடத்தில் அவருடைய சுண்டுவிரல் போய் உட்கார்ந்துகொண்டது, கண்ணைத் திறந்தபோது குழல் முனை தேதியின் நடுவில் ஆடாமல் நின்றது.

"அளவெடுத்துச் செஞ்ச மாதிரில்லா இருக்கு," என்றார் அண்ணாச்சி. சொல்லிவிட்டு உறை எடுக்கத் திரும்பினார்.

குருவய்யா அதைத் துணிமேல் திரும்ப வைத்தார். அது உடனே அவர் பக்கம் திரும்பிக்கொண்டது. அவர் வரிசையில் இரண்டாவதாக இருந்த புதுத் துப்பாக்கியை எடுத்தார். விசை கடினம், எடை முன்பக்கம் இழுக்கும், சற்றுமுன் நீட்டிப் பார்த்தபோது தேதியை விட்டு ஒரு சாண் தள்ளிப் போனது அது.

"இதைக் குடுங்க."

"அது உங்க கைக்குச் சேரலையே."

"சேத்துக்கிறேன்."

கடையில் யாரோ இருமினார்கள். உறையைக் கையில் வைத்துக்கொண்டு அண்ணாச்சி நின்றார். இத்தனை மாசம் எதற்காக அலைந்தீர்கள் என்று அவர் கேட்கவில்லை, ஆனாலும் குருவய்யா அதற்குத்தான் பதில் சொன்னார், எல்லோருக்கும் கேட்கிற குரலில் சொன்னார்.

"அதை நான் எடுத்துட்டுப் போயிட்டா, அது யாருக்கு வேணும்னு எனக்குத் தெரியாமப் போயிரும் அண்ணாச்சி. அது இங்கயே கெடக்கட்டும். யாரு வந்து வாங்குறாங்கன்னு பாத்துக்கிறேன்."

பிறகு உரக்கடைப் பக்கத்துச் சுவரைப் பார்த்துத் திரும்பினார். "மச்சான், நீங்கதானே அடுத்து. வாங்க, கண்ணை மூடிக்கிட்டு எடுத்துப் பாருங்க."

மகுடபதி முன்னால் வந்தார். அவருக்காகப் பாதை தேவைக்குமேல் அகலமாக விலகியது. துப்பாக்கிமேல் கையைக் கொண்டுபோனவர், இடையில் நிறுத்தி, உள்ளங்கையை வேட்டியில் துடைத்தார், இன்னொரு தடவையும் துடைத்தார். எடுத்தால் எதற்கு எடுத்தார் என்று ஆகும், எடுக்காவிட்டால் இத்தனை நாள் எதற்குக் கேட்டார் என்று ஆகும், இரண்டையும் ஊர் அவர் முகத்தில் படித்துக்கொண்டிருந்தது.

"எனக்கெதுக்கு மாப்ளே," என்றார் கடைசியில். "வயசாச்சு. கண்ணும் சரியாத் தெரியல."

"கண்ணை மூடிட்டுத்தானே பாக்கணும்," என்று கூட்டத்தில் ஒருவர் சொன்னார்.

தன் பழைய துப்பாக்கியையாவது திருப்பிக் கொடுங்கள் என்று மகுடபதி கேட்டார். அதை அண்ணாச்சி போன மாதமே விற்றுவிட்டிருந்தார். இன்னும் மூன்று இருக்கிறதே, பாருங்கள் என்றார் அண்ணாச்சி. பிறகு பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டு, வெறும் இடுப்போடு ஜீப்பில் ஏறி மகுடபதி மலைக்குப் போனார்.

அதற்குப் பிறகு அந்தப் பழைய ரிவால்வரை யாரும் கேட்கவில்லை. ஆசை இருந்தவருக்கும், கைக்கு அடக்கமாக இருந்தவருக்கும், சும்மா பார்த்தவருக்கும் ஒரே நாளில் அது வேண்டாததாகிவிட்டது. பச்சைத் துணியில் கிடந்து அது தன்பாட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தது, குருவய்யா தினமும் கடைப் பக்கம் போய் அது இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்தார். ஊர் அவரைத் திரும்பப் பந்தலுக்குக் கூப்பிட்டது, முதல் நாளும் கூப்பிட்டது, முகூர்த்தத்துக்கும் முன்வரிசையில் உட்காரச் சொன்னது. இடுப்பில் முப்பத்திரண்டு உள்ள ஒருவரைக் கல்யாணத்துக்குக் கூப்பிடாமல் விட்டு, அவர் அதை எப்படி எடுத்துக்கொண்டார் என்று யோசித்துக்கொண்டிருக்க யாருக்கும் தெம்பில்லை. குருவய்யா சிரித்த முகத்தோடு வந்து உட்கார்ந்தார். இப்போது அந்தச் சிரிப்புக்கு எல்லோரும் பதிலுக்குச் சிரித்தார்கள்.

ஆடிப் பதினெட்டுக்கு மகுடபதி தங்கை வீட்டுக்கு வந்தார். புதுச்சேலையும் பழங்களும் கொண்டுவந்திருந்தார், தோட்டத்தில் ஈரப்பதம் சரியாக இருக்கிறது என்றார், குரங்குகள் தொந்தரவு என்றார். குருவய்யாவும் அவரும் கூடத்தில் எதிரெதிரே சாப்பிட உட்கார்ந்தார்கள். பஞ்சவர்ணம் இலை போட்டு, சோறு வைத்து, குழம்பு ஊற்றக் குனிந்தபோது, ஃப்ரிட்ஜின் மேல் தோல் உறைக்குள் இருந்த புதுத் துப்பாக்கி உறையோடு சேர்ந்து அரைவட்டம் திரும்பி நின்றது. மேலே இருந்த பூச்சாடி அதன் பிடி தட்டிக் கொஞ்சம் ஓரத்துக்கு நகர்ந்தது.

பஞ்சவர்ணம் அதைப் பார்த்தாள். கணவரின் முகத்தைப் பார்த்தாள்; அவர் பருப்பைப் பிசைந்துகொண்டிருந்தார். அண்ணனிடம், அங்கே வெயில் அடிக்கிறது, இப்படி நகர்ந்து உட்காருங்கள் என்று சொல்லி இலையை இழுத்து மறுபக்கம் வைத்தாள். மகுடபதி நகர்ந்தார். உறையும் மெதுவாக நகர்ந்தது. மகுடபதி அப்போதுதான் நிமிர்ந்து மேலே பார்த்தார். எடுத்த கவளத்தை இலையிலேயே திரும்ப வைத்தார்.

"நான் ஒண்ணும் நெனைக்கல மச்சான்," என்றார் குருவய்யா. "சாப்பிடுங்க."

"தெரியும் மாப்ளே," என்றார் மகுடபதி.

பஞ்சவர்ணம் குழம்புக் கரண்டியோடு இருவருக்கும் நடுவில் நின்றுகொண்டிருந்தாள். உறைக்கும் அண்ணனுக்கும் நடுவிலும் அவள்தான் நின்றுகொண்டிருந்தாள். அவள் அங்கிருந்து விலகவில்லை.

"அண்ணே, கையைக் கழுவிட்டுக் கெளம்புங்க. மழை வர்ற மாதிரி இருக்கு, இருட்டுறதுக்குள்ள மலை ஏறிருங்க. இனிமே நல்லது கெட்டதுக்கு நான் வர்றேன், நீங்க வரவேண்டாம்."

வெளியே நல்ல வெயில் அடித்துக்கொண்டிருந்தது. மகுடபதி கை கழுவினார், சட்டையை மாட்டினார், போய்வருகிறேன் என்று சொல்லாமல் போனார். ஜீப் கிளம்பி, கடைவீதியைத் தாண்டி, மலைப்பாதையில் ஏற ஆரம்பித்த சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது, பிறகு கேட்கவில்லை. கணவனும் மனைவியும் கூடத்திலேயே, அண்ணன் பாதியில் விட்டுப்போன இலையைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். ஃப்ரிட்ஜின் மேல் உறை மெதுவாகத் திரும்பிக்கொண்டிருந்தது. மகுடபதி எந்த வளைவில் போய்க்கொண்டிருக்கிறார் என்று பார்க்க இருவரும் வாசலுக்குப் போகவில்லை.